தெருவில் இல்லாதவர்களையும் எண்ணுங்கள்: நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற ஊர்களை வடிவமைக்கும் வேலைக்கு ஒரு வழிகாட்டி

நடப்பவர்களுக்காகவும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகவும் ஊர்களைத் திட்டமிடும் வேலைக்கு எப்படி வருவது என்று இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. என் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான். ஒரு நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு டேப் எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பழக்கமான ஒரு சந்திப்பில் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். படிப்பு, மென்பொருள், வேலை விண்ணப்பம் எல்லாம் அப்புறம். இந்த வேலையில் எனக்கு 22 ஆண்டுகள் ஆகின்றன. இன்றைக்கும் ஒரு புதிய திட்டம் மேசைக்கு வந்தால், வரைபடத்தை விரிப்பதற்கு முன் அந்த இடத்துக்குப் போய் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

எண்ணப் பழகுங்கள்

தாளை 15 நிமிடக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வண்டிகளை எண்ண ஏற்கனவே ஆட்களும் கருவிகளும் இருக்கிறார்கள். நீங்கள் நடந்து வருபவர்களை எண்ணுங்கள். பெண்கள், ஆண்கள், குழந்தைகள், முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வருபவர்கள் என்று தனித்தனிப் பத்திகள் போடுங்கள். சைக்கிளுக்கு ஒரு பத்தி. காலையில் ஒரு மணி நேரம், பள்ளி விடும்போது ஒரு மணி நேரம், இருட்டிய பிறகு ஒரு மணி நேரம். மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இருட்டிய பிறகு எந்தப் பத்தி காலியாகிறது என்பது பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் அது பெண்களின் பத்தியாக இருக்கும். விளக்குக் கம்பங்களை அண்ணாந்து பாருங்கள். சாலையின் நடுவுக்கு வெளிச்சம் தரும்படி உயரமாக நட்டிருப்பார்கள், நடைபாதை மரநிழலுக்குள் இருட்டாகக் கிடக்கும்.

எண்ணுவதில் ஒரு பொறி இருக்கிறது. அதில் நானே விழுந்தேன்.

வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டு. நான்கு தடங்கள் கொண்ட சாலை, ஒவ்வொரு தடமும் 3.5 மீட்டர், ஆக மொத்தம் 14 மீட்டர். நடப்பவர்களுக்குச் சிக்னலில் 12 வினாடி பச்சை. கணக்கில் தவறில்லை. ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். 14ஐ 1.2ஆல் வகுத்தால் 12க்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். ஐந்தாவது நாளாக அங்கே நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது, கையில் துணிப்பையோடு ஒரு பாட்டி சாலையில் இறங்கினார். பச்சை அணைந்தபோது அவர் மூன்றாவது தடத்தின் நடுவில் இருந்தார். ஒரு கையை உயர்த்திக்கொண்டு, வண்டிகள் பக்கம் திரும்பாமல், எதிர்ப்பக்கத்து ஓரக்கல்லையே பார்த்தபடி நடந்தார். ஸ்டாப்வாட்ச்சில் 19 வினாடி.

அருகில் போய்ப் பேசினேன். “நான் இதைக் கடக்கவே மாட்டேன் தம்பி. இன்னைக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, அதான் வந்தேன்” என்றார்.

அதற்கு முந்தைய நான்கு நாட்களிலும் முதியவர்கள் பத்தியில் கோடுகள் மிகக் குறைவு. ‘இங்கே முதியவர்கள் அதிகம் கடப்பதில்லை, இப்போதுள்ள நேரம் போதும்’ என்று அறிக்கையின் வரைவில் எழுதியும் வைத்திருந்தேன். அன்று மாலை அந்த வரியை அடித்தேன். அவர்கள் கடக்காததற்குக் காரணமே அந்த 12 வினாடிதான். அந்த நேரத்தை மாற்றாமல் இருப்பதற்கு அவர்கள் வராததையே நான் ஆதாரமாகக் காட்டியிருக்கிறேன்.

ஆகவே எண்ணி முடித்ததும் இரண்டாவது சுற்றுப் போங்கள். பள்ளி வாசலில், மருத்துவமனை வரவேற்பறையில், குடியிருப்பின் படிக்கட்டில் போய்க் கேளுங்கள். ‘எப்படிப் போகிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘எங்கே போகாமல் விட்டுவிடுகிறீர்கள்? எந்த இடத்தில் பிள்ளையைத் தனியாக விடமாட்டீர்கள்?’ என்று கேளுங்கள். வரும் பதில்களை வரைபடத்தில் புள்ளிகளாக வையுங்கள். என் அனுபவத்தில், போக்குவரத்துக் கணக்கெடுப்பு காட்டாத சந்திப்புகளை இந்தப் புள்ளிகள் காட்டிவிடும்.

படிப்பைப் பற்றி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவில் இன்ஜினியரிங், கட்டடக்கலை, புவியியல், சமூகவியல் என எதைப் படித்தவரும் இந்தத் துறைக்கு வரலாம். முதுநிலையில் நகரத் திட்டமிடலோ போக்குவரத்துத் திட்டமிடலோ படித்தால் வேலைக் கதவு எளிதாகத் திறக்கும். வரைபடம் தயாரிக்க உதவும் க்யூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் இலவசம், மக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தின் தரவும் இலவசம். இரண்டையும் கல்லூரிக்குக் காத்திராமல் இன்றே கற்கத் தொடங்கலாம். பொறியாளர்கள் கணினியில் வரையும் கேட் (CAD) வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். செலவு மதிப்பீட்டு அட்டவணையை வரி வரியாகப் படிக்கவும் தெரிய வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அது பின்னால் கடிக்கும்.

முதல் பயிற்சியாக இதைச் செய்து பாருங்கள். ஒரு பஸ் நிறுத்தத்தை மையமாக வைத்து 400 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அது ஐந்து நிமிட நடை. பிறகு, உள்ளபடியே நடக்க முடிந்த வழிகளில் 400 மீட்டர் போனால் எதுவரை எட்டும் என்று வரையுங்கள். மதில் சுவர், பூட்டிய கேட், தாண்ட முடியாத சாலை எல்லாம் சேர்ந்து வட்டத்தைக் கடித்துக் குதறியிருக்கும். பாதிகூட மிஞ்சாத இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே சுவரில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு வழி திறந்துவிட்டாலே நூறு வீடுகள் நிறுத்தத்துக்கு அருகில் வந்துவிடும். சில ஊர்களில் இது இயல்பாகவே அமைந்திருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் மையப்பகுதி மனைத்தொகுதிகள் ஒரு பக்கத்துக்குச் சுமார் 61 மீட்டர்தான். நடப்பவருக்கு ஒரு நிமிடத்துக்குள் ஒரு திருப்பம் கிடைக்கிறது.

வேலை விண்ணப்பத்தோடு இந்த வரைபடத்தை இணையுங்கள். ஆட்களைத் தேர்வு செய்யும் இடத்தில் நான் உட்காரும்போது, பளபளப்பான கணினிப் படங்களைவிடக் கையால் எண்ணிய தாளையும் இப்படி ஒரு வரைபடத்தையும் கொண்டு வருபவரோடுதான் அதிக நேரம் பேசுவேன்.

சென்டிமீட்டரில் யோசியுங்கள்

பாட்டியின் சாலைக்குத் திரும்புகிறேன். பச்சை நேரத்தைக் கூட்டச் சொன்னோம், கொஞ்சம் கூட்டினார்கள். அது போதவில்லை. நான்கு தடங்களையும் 3.5 மீட்டரிலிருந்து 3 மீட்டராகக் குறைத்தோம். தடத்துக்கு அரை மீட்டர் வீதம் மொத்தம் 2 மீட்டர் மிச்சம். அந்த 2 மீட்டரை நடுவில் ஒரு திட்டாக வைத்தோம். இப்போது ஒரே மூச்சில் 14 மீட்டர் கடக்க வேண்டியதில்லை. 6 மீட்டர் கடந்து, நின்று, மூச்சு வாங்கி, இன்னொரு 6 மீட்டர். அவர் நடையில் ஒவ்வொரு பாதிக்கும் எட்டு வினாடிதான்.

2 மீட்டர் ஏன்? சைக்கிள் ஒன்றின் நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர். திட்டு 1.5 மீட்டராக இருந்தால் பின்சக்கரம் வண்டிகள் போகும் தடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். தள்ளுவண்டியோடு நிற்கும் தாய்க்கும் இதே கதிதான். திட்டில் ஏறி இறங்கும்படி படி வைக்காதீர்கள். சாலை மட்டத்திலேயே நடுவில் வெட்டிவிடுங்கள், சக்கரம் உருண்டு போகட்டும்.

தடத்தைக் குறைத்தால் இன்னொரு பலனும் உண்டு. அகலம் குறைந்த தடத்தில் ஓட்டுநரின் கால் தானாகவே சற்றுத் தளரும். வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் கூட்டங்களில் சொல்லும் கணக்கு இது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் வினாடிக்குச் சுமார் 14 மீட்டர் போகிறது. குழந்தை ஓடி வருவதைப் பார்த்து ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வையுங்கள். அந்த ஒரு வினாடியிலேயே 14 மீட்டர் போய்விட்டது, வேகம் இன்னும் குறையத் தொடங்கவில்லை. மணிக்கு 30இல் வரும் கார், உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால், அந்த 14 மீட்டருக்குள் முழுதாகவே நின்றிருக்கும். சாலை மரணம் பூஜ்யம் என்ற இலக்கை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றதற்குப் பின்னால் இருக்கும் சிந்தனையும் இதுதான். மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது.

அடுத்து, தெருமுனை. முனையின் வளைவு பெரிதாக இருந்தால் வண்டிகள் வேகத்தைக் குறைக்காமல் திரும்பும், கடக்க வேண்டிய தூரமும் கூடும். எவ்வளவு குறைக்கலாம் என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். மழை பெய்யாத ஒரு வாரம் கழித்து முனைக்குப் போய்த் தரையைப் பாருங்கள். சக்கரம் படும் இடம் மழுங்கி மினுமினுக்கும். படாத இடத்தில் மண்ணும் சருகும் கண்ணாடித் துண்டும் பிறை வடிவத்தில் குவிந்து கிடக்கும். சாக்பீஸால் அந்தப் பிறையின் விளிம்பில் கோடு போட்டு ஒரு படம் எடுங்கள். எந்த வண்டிக்கும் தேவைப்படாத அந்த இடத்தை நடைபாதைக்குக் கொடுத்துவிடலாம். ‘லாரி திரும்ப முடியாது’ என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் அந்தப் படத்தை மேசையில் வையுங்கள்.

நடைபாதை கேட்டுக்குக் கேட் இறங்கி ஏறுவதையும் கவனியுங்கள். கார் உள்ளே போவதற்காக ஒவ்வொரு வாசலிலும் நடைபாதையைச் சாலை மட்டத்துக்குத் தாழ்த்திவிடுகிறார்கள். நூறு மீட்டருக்குள் எட்டு இறக்கம், எட்டு ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர் இரண்டாவது இறக்கத்திலேயே சாலையில் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவார். நடைபாதை மட்டம் மாறாமல் போகட்டும், கார் ஏறி இறங்கட்டும். வரைபடத்தில் இதை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கான்கிரீட் போடும் நாளில் அங்கே இருங்கள். நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சாய்தளம் 1:12 (12 அளவு நீளத்துக்கு 1 அளவு உயரம்) என்று வரைந்திருப்பீர்கள், சரியாகவே போட்டிருப்பார்கள். ஆனால் அடியில் சாலையைத் தொடும் இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் உதடு ஒன்று நிற்கும். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, அந்த உதட்டில் இடித்து நின்றுவிடும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். என்னோடு தள ஆய்வுக்கு வந்த ஒருவருக்கு என் கண்முன்னே இது நடந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லாமல் எந்தச் சாய்தளத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

சைக்கிள் பாதை: துண்டாகப் போடாதீர்கள்

நான் முதலில் வடிவமைத்த சைக்கிள் பாதை அழகாக இருந்தது. இரண்டு கிலோமீட்டர், ஓரத்தில் மரங்கள், 2 மீட்டர் அகலம், அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் மிதிக்கலாம். ஒரு பெரிய சந்திப்புக்கு 60 மீட்டர் முன்னால் அது முடிந்தது. சந்திப்பு சிக்கலானது, இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே ஒப்புக்கொண்டேன். இரண்டாம் கட்டம் வர நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளும் பாதை ஏறக்குறைய காலியாகவே கிடந்தது. ‘பாருங்கள், சைக்கிளுக்கு ஆளே இல்லை’ என்று சொல்ல நினைத்தவர்களுக்கு அது வசதியாகிப்போனது. பயம் இருக்கும் இடமே சந்திப்புதான். அங்கே கைவிட்டால் மற்ற இரண்டு கிலோமீட்டரும் வீண். அதனால் இப்போது சந்திப்பை முதலில் வரைகிறேன், அதிலிருந்து பாதையை வெளியே நீட்டுகிறேன்.

ஸ்பெயினின் செவில் நகரம் இதைச் சரியாகச் செய்தது. 2000களின் பிற்பாதியில், ஒன்றோடொன்று இணைந்த ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பாதையைக் குறுகிய காலத்துக்குள் போட்டு முடித்தார்கள். பாதை வந்தவுடன் சைக்கிள் பயணம் பல மடங்கு பெருகியது. பாதைகளின் வலை முழுதாக இருந்ததால்தான் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை போக முடிந்தது.

எல்லாத் தெருவுக்கும் தனிப் பாதை தேவையில்லை. வேகம் 30க்குள், வண்டியும் குறைவு என்றால் கலந்தே போகலாம். வேகமும் வண்டியும் கூடினால் தடுப்போடு பிரியுங்கள், வெறும் வண்ணக்கோடு போதாது. நிறுத்திய கார்களை ஒட்டிப் பாதை போட்டால், திறக்கும் கதவுக்கு ஒரு மீட்டர் விடுங்கள்.

கட்டுமானமே இல்லாமல் தெருக்களை அமைதியாக்கும் வழியும் உண்டு. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் 1977இல் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக வேண்டுமானால் வெளியே வந்து சுற்றுச்சாலையில் போய்த்தான் நுழைய வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ போனால் நேராகப் போகலாம். பெல்ஜியத்தின் கென்ட் நகரமும் 2017இல் இதே வழியில் இறங்கியது. பலகைகளும் பூந்தொட்டிகளும் சில தடுப்புகளும்தான் செலவு. ஒரு குடியிருப்புப் பகுதி கையில் கிடைத்தால், வேறெங்கோ போவதற்காக அதன் ஊடாகப் புகுந்து போகும் வண்டிகள் எந்தத் தெரு வழியாக வருகின்றன என்று முதலில் பாருங்கள். அந்தத் தெருவின் நடுவில் ஒரு தடுப்பு வைத்தாலே பல தெருக்களில் குழந்தைகள் வெளியே வந்துவிடுவார்கள்.

கடைக்காரர்களோடு பேசுவது

இந்த வேலையில் மனம் சோர்வது பெரும்பாலும் இங்கேதான். பார்க்கிங்கை எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவர்கள் உண்மையிலேயே பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை மதியுங்கள். கோப்பன்ஹேகனில் 1962இல் ஸ்ட்ராயெட் தெருவைக் காருக்கு மூடியபோதும் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். முதலில் சோதனையாகத்தான் செய்தார்கள், 1964இல் நிரந்தரமாக்கினார்கள். இன்று அது சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் கடைத்தெரு.

மருந்துக்கடைக்காரர் ஒருவர் என்னிடம், “பாதிப் பேர் கார்லதான் வர்றாங்க தம்பி” என்றார். நான் எதிர்வாதம் செய்யவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு நாள் முழுக்க வருகிறவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று நீங்களே கேட்டுக் கோடு போடுங்கள் என்றேன். மறுநாள் போனபோது நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். நடந்து வந்தவர்கள் பத்தி பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. நான் எண்ணியிருந்தால் நம்பியிருக்கமாட்டார். அவர் கையாலேயே போட்ட கோடுகள் அவை.

பெரிய மாற்றத்தை முதலில் தற்காலிகமாகச் செய்யுங்கள். நியூயார்க்கில் 2009இல் டைம்ஸ் சதுக்கத்தின் ஊடாகப் போகும் பிராட்வே சாலையை மூடியபோது, தொடக்கத்தில் மலிவான மடக்கு நாற்காலிகளைத்தான் போட்டார்கள். மக்கள் உட்கார்ந்தார்கள், அடுத்த ஆண்டு நிரந்தரமாக்க முடிவானது. கூம்பு, பெயின்ட், பூந்தொட்டி இருந்தால் ஒரு தெருமுனையை ஒரே இரவில் மாற்றிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்பது தெரிந்தால் எதிர்ப்பின் குரல் இறங்கும். ஆனால் எத்தனை வாரம், எதை எண்ணி முடிவெடுப்போம் என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் வாரக் கூச்சலிலேயே கூம்புகள் காணாமல் போகும்.

அலுவலகத்துக்குள்

கல்லூரியில் யாரும் சொல்லித்தராத ஒன்று: மறுதார் போடும் சாலைகளின் ஆண்டுப் பட்டியலை வாங்கி உங்கள் மேசையில் ஒட்டுங்கள். தார் போட்ட பிறகு எப்படியும் புதிதாகக் கோடு போடத்தான் வேண்டும். பழைய இடத்திலேயே போடாமல் 3 மீட்டரில் போடுங்கள் என்று சொல்ல உங்களிடம் ஒரு தாள் தயாராக இருந்தால், கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. நான் செய்தவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடந்தது. பட்டியல் வரும்போது தாள் இல்லையென்றால், அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது இந்த வேலையின் பெரும்பகுதி. அதைச் சொல்லாமல் உங்களை இதற்குள் அழைப்பது நியாயமில்லை. நெதர்லாந்து இன்று சைக்கிளின் நாடு. 1971இல் அங்கே சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள், அதன் பிறகும் சைக்கிள் பாதை வலை முழுமையாகப் பல பத்தாண்டுகள் ஆயின. உங்கள் கோப்பு மூன்று மேலதிகாரிகளைக் கடக்கும், ஒருவர் மாறினால் முதலிலிருந்து தொடங்கும். அந்தச் சமயங்களில் நான் சந்திப்புக்குப் போய் எண்ணுவேன். புதிய தாளில் புதிய தேதி போட்ட எண்கள் கோப்புக்குள் போகும், கோப்பு மறுபடி நகரும்.

வேலை முடிந்ததும்

திறப்பு விழாவோடு விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து, முதலில் எண்ணிய அதே கிழமை, அதே நேரம், அதே இடத்தில் நில்லுங்கள். தாளில் இரண்டு பத்திகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்: பெரியவர் துணையின்றி வரும் குழந்தைகள், துணையின்றிக் கடக்கும் முதியவர்கள். வண்டிகளின் எண்ணிக்கை குறைந்ததா என்று எல்லோரும் கேட்பார்கள், இந்த இரண்டையும் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அந்த 14 மீட்டர் சாலையில் திட்டு வந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை போய் நின்றேன். காலை ஒன்பதிலிருந்து பத்து வரை. முதியவர்கள் பத்தியில் 11 கோடுகள். ஒருவர் நடுத்திட்டில் பையைத் தரையில் வைத்து, முக்காட்டைச் சரிசெய்து, கையை மாற்றித் தூக்கிக்கொண்டு, அடுத்த பச்சைக்கு நிதானமாக இறங்கினார். கையை உயர்த்தவில்லை.